புதுப்பிப்பு: சபையை விட்ட பிறகு தசமபாகத்தை எங்கே கொடுப்பது?

கிறிஸ்தவ நம்பிக்கையை விட்டு நாத்திகனான பிறகு, பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் பழக்கத்தை எப்படித் தொடர்வது, ஞாயிற்றுக்கிழமைத் தோழமையை எங்கே தேடுவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

சம்பள நாளிலேயே வங்கியிலிருந்து பணம் தானாகப் போகட்டும் என்ற யோசனை கைகொடுத்தது. பார்வையற்ற மாணவர்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்கு அனுப்புகிறேன். நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு; ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை. அறக்கட்டளையிடம் நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

தோழமை விஷயத்தில், பகுத்தறிவாளர் கூட்டங்களில் நல்ல உரைகள் கேட்டேன். ஆனால் உரை முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். எனக்குப் பொருந்தியது, "பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தரப் போங்கள்" என்ற பதில்தான். எழுதுநராக, அதாவது தேர்வர் சொல்லச் சொல்ல விடை எழுதுபவராகப் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல்படி, தேர்வர் தானே அழைத்துவரும் எழுதுநரின் கல்வித் தகுதி அவருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டியிருந்தது; 2025இல் வழிகாட்டுதல் மாறிவிட்டது. பழைய விதிப்படி, இளங்கலைப் பட்டதாரியான நான் முதுகலை மாணவர்களுக்கு எழுதினேன். மற்ற நாட்களில் எழுதுநர்கள் குழுவாகச் சேர்ந்து, அந்த மாணவர்களுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்கிறோம். காய்ச்சலில் கிடந்தபோது இந்தக் குழுவினர் கஞ்சியோடு வீட்டுக்கு வந்தார்கள். சபையை விட்டபோது நான் மிகவும் இழந்தது இதைத்தான்.

எதிர்பாராதது: அம்மாவும் அவருடைய சபைத் தோழிகளும் வாசிக்க வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் ஜெபித்துவிட்டுத் தொடங்குகிறார்கள், நான் காத்திருக்கிறேன். இதுவரை யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.