கட்டுப்படியாகிற விலையில் நல்ல சுருட்டு எது?

பழங்காநத்தம் பையன்: அண்ணன்மாரே, சுருட்டுக்கு நான் புதுசு. கியூபா விலை நமக்குக் கட்டாது. எதில் ஆரம்பிக்கலாம்?

வேடசந்தூர்க்காரன்: தம்பி, நிகரகுவா, டொமினிக்கன் சுருட்டுகளைப் பாருங்கள். பெயரைவிட, உள்ளே இருப்பது முழு இலையா, நறுக்கின இலையா என்று கேளுங்கள். முழு இலை நிதானமாக எரியும், வாயில் தூள் வராது. மேலிலை கறுப்பாக இருப்பதாலேயே காரம் என்று நினைக்க வேண்டாம். வாங்கும்போது இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். எங்கேயும் கல்லாகவோ பொக்காகவோ இருக்கக் கூடாது. அப்புறம், மதுரை வெயிலில் இலை சீக்கிரம் மொறுமொறுவென்று காய்ந்து, பற்றவைத்ததும் உரியும். இறுக்கமான டப்பாவில், ஈரப்பதத்தைச் சீராக வைக்கும் பொட்டலம் போட்டு வையுங்கள், 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் சரியாக இருக்கும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காதீர்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம், தலை சுற்றும்.

பழங்காநத்தம் பையன்: அப்போ திண்டுக்கல் சுருட்டு?

வேடசந்தூர்க்காரன்: விலை ரொம்பக் குறைவு, மணமும் எனக்கு உயிர். ஆனால் காரம் தூக்கலாக இருக்கும். உறையூர்ச் சுருட்டும் அப்படித்தான். மென்மையானது பழகின பிறகு பாதி மட்டும் பிடித்துப் பாருங்கள்.

சிம்மக்கல்: உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்று வரும், தம்பி. எப்போதாவது ஒன்று, அதற்கு மேல் போகாதீர்கள்.