புதிய நாட்டில் விவரக்குறிப்பு எழுதும் நம் ஊர்ப் பொறியாளர்களுக்கு: எந்த மாஸ்டர் தொகுப்பைத் தேர்வது?

கேள்வி (குடியாத்தம், தற்போது டாலஸ்):

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். வேலூரில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஏழு ஆண்டுகள் சைட் இன்ஜினியராக இருந்துவிட்டு, மூன்று மாதங்களுக்கு முன்பு இங்கே ஒரு சிறிய கட்டடக்கலை அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறேன். அலுவலகத்தில் ஒன்பது பேர் இருக்கிறோம். கிளினிக், தேவாலயம், சிறிய பள்ளிக்கூடம் போன்ற வேலைகள் வருகின்றன. இதுவரை பழைய வேலையின் ஸ்பெசிஃபிகேஷனை, அதாவது எந்தப் பொருளை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் விவரக்குறிப்பை, நகலெடுத்துப் பெயரை மாற்றித்தான் காலம் தள்ளியிருக்கிறார்கள். இனி ஒரு மாஸ்டர் தொகுப்பை (ஒவ்வொரு வேலைக்கும் ஏற்பத் திருத்திக்கொள்ளும்படி முன்பே எழுதிவைத்த விவரக்குறிப்புகளை) வாங்கலாம் என்று முடிவு செய்து, எதை வாங்குவது என்று பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில் (காட்பாடி, தற்போது ஹூஸ்டன்):

தம்பி, தொகுப்புகளின் பெயர்களைப் பார்ப்பதற்கு முன்பு, நம் ஊரில் இந்த விவரக்குறிப்பு எங்கே இருந்தது என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள். சத்துவாச்சாரியில் ஒரு வீடு கட்ட மேஸ்திரியோடு போடும் ஒப்பந்தத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்ற தொகையும், சிமெண்டும் கம்பியும் எந்தக் கம்பெனி, தலைவாசல் தேக்கா வேம்பா, டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை என்ற நாலைந்து வரிகளும் இருக்கும். மற்றதெல்லாம் மேஸ்திரியின் கைப்பழக்கத்தில் இருக்கும். அரசு வேலையாக இருந்தால், ‘40 மி.மீ. கருங்கல் ஜல்லியுடன் 1:4:8 கான்கிரீட்’ என்று மதிப்பீட்டின் ஒவ்வொரு ஐட்டத்தோடும் விவரம் சேர்ந்தே வரும். அதற்குப் பின்னால் டி.என்.பி.பி. என்னும் தமிழ்நாடு கட்டட நடைமுறை நூலோ, மத்தியப் பொதுப்பணித்துறையின் 2019ஆம் ஆண்டு விவரக்குறிப்போ துணை நிற்கும். நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில், தனியார் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் அளவுப் பட்டியல் ஒப்பந்தத்தில் சேர்வதில்லை. வரைபடங்களும், ப்ராஜெக்ட் மேனுவல் என்னும் புத்தகமும்தான் ஒப்பந்தக்காரரின் கைக்குப் போகும். அளவெடுத்து மொத்த விலை சொல்வது அவர் வேலை. ஆகவே அந்தப் புத்தகத்தில் எழுதாமல் விட்டதை யாரும் விலையில் சேர்க்க மாட்டார்கள், எழுதிவிட்டதை யாரும் மறக்கவும் மாட்டார்கள்.

அடுத்து, புதிதாக வருபவர்கள் பலரும் குழப்பிக்கொள்ளும் இரண்டு பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாஸ்டர்ஃபார்மாட் என்பது எண்ணிடும் முறை மட்டுமே. அமெரிக்காவின் கன்ஸ்ட்ரக்‌ஷன் ஸ்பெசிஃபிகேஷன்ஸ் இன்ஸ்டிட்யூட்டும் கனடாவில் உள்ள அதன் இணை அமைப்பும் அதை வெளியிடுகின்றன. பல்லாண்டுகள் 16 பிரிவுகளாக இருந்த அதை 2004இல் 50 ஆக விரித்தார்கள். 03 என்றால் கான்கிரீட், 04 செங்கல் மற்றும் கல் கட்டுமானம், 07 ஈரத்தையும் வெப்பத்தையும் தடுப்பவை, 09 பூச்சும் தரையும், 26 மின்சாரம். 03 30 00 என்று எழுதினால் அந்த இடத்திலேயே வார்க்கும் கான்கிரீட். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பொது, பொருள்கள், செயல்முறை என்று மூன்று பாகங்கள் இருக்கும். மாஸ்டர்ஸ்பெக் என்பது வேறு. அது அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் பெயரில் வரும் எழுத்துத் தொகுப்பு, இன்று டெல்டெக் நிறுவனத்தின் ஸ்பெக்பாயிண்ட் வழியாகக் கிடைக்கிறது. நூலகத்தின் அலமாரி எண்ணுக்கும் அதில் உள்ள புத்தகத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இவை இரண்டுக்கும்.

உங்கள் அலுவலகத்தின் அளவுக்கு நான் மூன்றை முன்வைப்பேன்: மாஸ்டர்ஸ்பெக், ஆர்.ஐ.பி. நிறுவனத்தின் ஸ்பெக்லிங்க், அமெரிக்க அரசு இலவசமாக வெளியிடும் யு.எஃப்.ஜி.எஸ். என்னும் தொகுப்பு. ஸ்பெக்லிங்க் ஒரு தரவுத்தளம். ஒரு பகுதியில் நீங்கள் ஒன்றைத் தேர்ந்தால் அதோடு தொடர்புடைய வரிகள் மற்ற பகுதிகளில் தாமாகவே சேரும் அல்லது விலகும். ஒரே ஆள் எல்லாவற்றையும் எழுதும் சிறிய அலுவலகத்தில் இது பெரிய துணை. ஆனால் எந்த வரி ஏன் வந்தது என்று தெரியாமலேயே புத்தகம் முடிந்துவிடும் அபாயம் புதியவருக்கு உண்டு. மாஸ்டர்ஸ்பெக்கில் எழுதுபவருக்கான குறிப்புகளும், பொருள்களை ஒப்பிடும் கட்டுரைகளும், வரைபடத்தோடு ஒத்துப்பார்க்கும் பட்டியல்களும் வருகின்றன. வேலூர் வெயிலில் கான்கிரீட்டின் மேல் ஈரச்சாக்கு போட்டுப் பழகிய நமக்கு, உறைபனியைத் தாங்கக் கான்கிரீட்டில் காற்றுக் குமிழ்களைச் சேர்ப்பது ஏன் என்பதை அந்தக் குறிப்புகள்தாம் எனக்குக் கற்றுக்கொடுத்தன. உங்கள் இடத்தில் நான் இருந்தால், இந்தக் காரணத்துக்காகவே அதன் பக்கம் சாய்வேன்.

இருந்தாலும் முடிவெடுக்க வேண்டியது ஒப்பந்தப் படிவத்தை வைத்துத்தான். உங்கள் முதலாளிகள் கட்டடக் கலைஞர் கழகத்தின் ஏ201 பொது நிபந்தனைகளைப் பயன்படுத்துகிறார்களா என்று முதலில் கேளுங்கள். மாஸ்டர்ஸ்பெக்கில் பொதுத் தேவைகளைச் சொல்லும் 01ஆம் பிரிவு அந்தப் படிவத்தின் சொற்களோடு பொருந்தும்படி எழுதப்பட்டது. பள்ளி நிர்வாகமோ மருத்துவமனையோ தன் சொந்தப் படிவத்தைக் கொடுத்தால், எந்தத் தொகுப்பை வாங்கினாலும் அந்தப் பிரிவை வரிக்கு வரி படித்துத் திருத்தியாக வேண்டும். சில உரிமையாளர்களிடம் அவர்களுக்கென்றே தனித் தொகுப்பு இருக்கும்; அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை தன் மருத்துவமனைகளுக்கான மாஸ்டர் தொகுப்பை எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அப்படிப்பட்ட வேலையில் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். இங்கே நான் முதலில் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்துக்குக் கான்கிரீட் பகுதியை நான் தயாரித்தேன். மாஸ்டர் தொகுப்பில் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு, 4000 பவுண்டு என்று இரண்டு வலிமைகள் பகர அடைப்புக்குள் இருக்கும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். ஒப்பந்தக்காரர் சிறிய எண்ணுக்கு விலை போட்டிருந்தார். அவர் செய்தது நியாயம்தான். வித்தியாசத்தை அலுவலகம் ஏற்க வேண்டியதாயிற்று. எந்தத் தொகுப்பும் வேலையைப் பாதிதான் செய்யும். வேண்டாததை நீக்குவதே மீதிப் பாதி, அதுவே கடினமான பாதி. உங்கள் கட்டடத்தில் இல்லாத கூரை வகைக்கான பத்திகள் புத்தகத்தில் இருந்தால், அவை வரைபடத்தோடு மோதும்.

அந்த எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் எம்25 என்றால் 150 மி.மீ. கியூபை 28 நாளில் உடைத்துப் பார்த்த வலிமை. இங்கே அமெரிக்காவில் 150 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. உயரமும் கொண்ட சிலிண்டரை அடிப்படையாக வைத்துச் சொல்கிறார்கள். ஒரே கலவையில் சிலிண்டரின் வலிமை கியூபின் வலிமையில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் வரும். ஊர்ப் பழக்கத்தில் 25 என்பதை அப்படியே அலகு மாற்றி எழுதினால், நீங்கள் நினைத்ததைவிட வலுவான, விலை கூடிய கான்கிரீட்டைக் கேட்டதாக ஆகிவிடும்.

வாங்குவதற்கு முன் இப்படிச் செய்யுங்கள். உங்கள் அலுவலகம் முடித்த ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு, அதன் கூரைப் பகுதியை மட்டும் ஒவ்வொரு தொகுப்பின் சோதனைப் பதிப்பிலும் எழுதிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று, எத்தனை வரிகளை நீக்கினீர்கள், மேற்கோள் காட்டப்படும் தரநிலைகள் உங்கள் ஊர்க் கட்டட விதி ஏற்கும் ஆண்டின் பதிப்போடு ஒத்துப்போகின்றனவா என்று குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு முதலாளிகளிடம் போங்கள்.

பதில் (ராணிப்பேட்டை, தற்போது ஆக்லாந்து):

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நியூசிலாந்திலும் மாஸ்டர்ஸ்பெக் என்ற பெயரில் ஒரு தொகுப்பு உண்டு. அமெரிக்கத் தொகுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. இணையத்தில் தேடும் தம்பி தங்கைகள், எந்த நாட்டின் பக்கத்தைத் திறந்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் நாட்ஸ்பெக்கையும், பிரிட்டனுக்குப் போகிறவர்கள் என்.பி.எஸ்.ஸையும், கனடாவுக்குப் போகிறவர்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வரும் தேசிய மாஸ்டர் விவரக்குறிப்பையும் முதலில் பார்க்கலாம். என்.பி.எஸ்.ஸும் நாட்ஸ்பெக்கும் 1970களிலிருந்து இருப்பவை.

பதில் (ஆம்பூர், தற்போது தோஹா):

கத்தாரில் அரசு வேலைகளுக்கு கியூ.சி.எஸ். என்னும் கத்தார் கட்டுமான விவரக்குறிப்பு அடிப்படையாக இருக்கிறது. அதன் மேல் அந்தந்த வேலைக்கான தனிக்குறிப்பு வரும். இரண்டும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். வந்த முதல் வாரத்திலேயே அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

கேள்வி (குடியாத்தம், தற்போது டாலஸ்):

மிக்க நன்றி அண்ணா. யு.எஃப்.ஜி.எஸ். இலவசம் என்றீர்கள். செலவில்லாமல் அதை மட்டும் வைத்துக்கொண்டு நடத்தலாமா என்று முதலாளி கேட்கிறார்.

பதில் (காட்பாடி, தற்போது ஹூஸ்டன்):

கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்லது இல்லை தம்பி. இன்று இரவே 03 30 00 பகுதியை இறக்கிக்கொண்டு, எழுதுபவருக்கான குறிப்புகளையும் சேர்த்து முழுவதும் படியுங்கள். ஆனால் அது அமெரிக்க ராணுவம், கடற்படை, விமானப்படை, நாசா ஆகியவற்றின் கட்டுமானங்களுக்காக எழுதப்பட்டது. உங்கள் கட்டடக் கலைஞர் நிற்க வேண்டிய இடத்தில் ‘கான்ட்ராக்டிங் ஆஃபீசர்’ என்றும், உரிமையாளர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அரசு’ என்றும் வரும். ஒப்பந்தக்காரர் சமர்ப்பிக்க வேண்டியவற்றை எஸ்.டி.-02 என்றால் வரைபடம், எஸ்.டி.-03 என்றால் பொருள் விவரம் என்று எண் போட்டுப் பிரித்திருப்பார்கள். தனியார் வேலையில் அந்த எண்களால் ஒப்பந்தக்காரர் தடுமாறுவார். ஒரு தேவாலயக் கட்டடத்துக்கு இதையெல்லாம் மாற்றி எழுத எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒரே ஒரு பகுதியை வைத்துக் கணக்கிட்டு, அந்த நேரத்தின் சம்பளத்தை ஆண்டுச் சந்தாவுக்குப் பக்கத்தில் எழுதி முதலாளியிடம் காட்டுங்கள்.