'சோம்பேறிக் கண்' வேண்டாம், 'பழகாக்கண்' எனலாமா?

அன்புள்ள ஐயா,

சிறு வயதில் ஒரு கண்ணால் பார்க்க மூளை பழகாததால் அந்தக் கண்ணில் பார்வை குறைவதை மருத்துவர்கள் 'அம்பிளியோப்பியா' என்கிறார்கள். ஆங்கிலத்தின் 'lazy eye'ஐ அப்படியே பெயர்த்து அதைச் 'சோம்பேறிக் கண்' என்கிறோம். அதற்குப் பதிலாகத் தாங்கள் முன்வைத்த 'மங்குபார்வை'யை மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். 'அம்பிளியோப்பியா'வின் கிரேக்க வேருக்கு மழுங்கல் என்றுதான் பொருள். அந்த வகையில் தங்கள் சொல் நேரானது. ஆனால் கிளிநொச்சியில் பார்வை மங்குகிறது என்றால் அப்பம்மாவின் கண்புரைதான் எவருக்கும் நினைவுக்கு வரும். மேலும், மங்குவதற்கு முன்பு தெளிவு இருந்திருக்க வேண்டும். இந்தக் குழந்தைகள் பலருக்கு அந்தக் கண்ணில் தெளிவு ஒருபோதும் வந்ததே இல்லை.

நான் பிடிவாதமாக நிற்பதற்கு என் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் காரணம். தரம் 2. கண் பரிசோதனையில் வலக்கண்ணை மூடியதும் அட்டையின் பெரிய எழுத்தைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. மாறுகண் இல்லை, நல்ல கண்ணாலேயே கரும்பலகையை வாசித்துவந்ததால் நானும் கவனிக்கவில்லை. தாயிடம் 'சோம்பேறிக் கண்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவர் வந்து, "ரீச்சர், நன்றாகக் கண்டித்துவிட்டேன், இனி ஒழுங்காகப் பார்ப்பாள்" என்றார். ஏழு வயதுப் பிள்ளை ஒரு மொழிபெயர்ப்புக்காக ஏச்சு வாங்கியிருக்கிறாள்! யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அதற்குப் பிறகும் நமக்கு இப்படி ஒரு சொல்லா?

இரணைமடுக் குளத்து வாய்க்காலைக் காட்டித்தான் அந்தத் தாய்க்கு விளக்கினேன். இரு கண்களின் திறனும் வேறுபட்டதால் ஒன்றிலிருந்து கலங்கல் வருகிறது. மூளை அந்தத் துருசை (மதகை) இறக்கி மூடிவிடுகிறது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்து, மற்றதைப் பார்க்கப் பழக்க வேண்டும். நடுத்தரக் குறைபாட்டுக்கு நாளொன்றுக்கு 2 மணி நேர மறைப்பு 6 மணி நேரத்துக்கு நிகரான பலனைத் தந்ததாக 2003 இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆக, நோயும் பழகாமைதான், மருந்தும் பழக்கம்தான்.

அதனால் 'பழகாக்கண்'. வாடாமல்லி, செல்லாக்காசு போல இயல்பாக நிற்கிறது. மாறுகண், மாலைக்கண் வரிசையிலும் சேர்கிறது. பிள்ளைமேல் பழி இல்லை.

இந்தச் சொல்லுக்குத் தாதி அக்கா சொல்லும் தடை நியாயமானது: 'எந்த வயதிலும் பழக்கலாம்' என்று பெற்றோர் ஆறுதலாக இருந்துவிடுவார்கள் என்கிறார். ஏழு வயதுக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம். பிந்தினாலும் பல பிள்ளைகளுக்கு ஓரளவு உண்டு. இந்த அவசரத்தைச் சொல்லுக்குள் திணிக்க எனக்கு வழி தெரியவில்லை, அக்கா. அதை விளக்கக் குறிப்பில்தான் அழுத்த வேண்டும்.

கிளைச்சொற்களையும் போட்டுப் பார்த்தேன். மாறுகண்ணால் வருவது 'மாறுகண்வழிப் பழகாக்கண்'. இரு கண்களின் திறன் வேறுபாட்டால் வருவது 'திறன்வேற்றுமைப் பழகாக்கண்'. பிறவிக் கண்புரையோ தொங்கும் இமையோ ஒளியை மறிப்பதால் வருவதற்கு 'மறைப்புவழி' என்று எழுதினேன். ஆனால் சிகிச்சையையும் 'கண்மறைப்பு' என்கிறோமே! இரண்டும் ஒரே சீட்டில் வந்தால் தாய்மார் குழம்புவார்கள். 'ஒளிமறிப்பு' பொருந்துமா, ஐயா?

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியை