வீசா வேண்டாம் என்று சொன்ன ஊர்களும் செக்-இன் கவுண்டரும்: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

ஆம்பூர் ஷூ லைன்:

சமீபத்தில் சென்னை விமான நிலையத்தில் ஹாங்காங் விமானத்துக்கு வரிசையில் நின்றபோது நடந்தது. எனக்கு முன்னால் வாணியம்பாடிக்காரர் ஒருவர், தோல் வியாபாரி. ஹாங்காங் அவருக்குப் பேரணாம்பட்டு போய் வருகிற மாதிரி. பாஸ்போர்ட்டோடு ஒரு தாளையும் நீட்டினார். கவுண்டரில் இருந்த பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், இது பழைய பாஸ்போர்ட் நம்பர்ல இருக்கு" என்றார். பாய் நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருக்கிறார். தாளில் இன்னும் ஆறு மாதக் கெடு முடியவில்லை என்பதால் அதையே எடுத்து வந்துவிட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் ஹாங்காங்கில் 14 நாள் வரை எந்த முன் அனுமதியும் இல்லாமல் இறங்கலாம். 2017 ஜனவரி 23 முதல் முன்வருகைப் பதிவு கட்டாயம். எங்கள் தொழிலில் 'பார்' என்றே சொல்கிறோம். ஹாங்காங் அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பதியலாம். பெரும்பாலும் உடனே முடிவு வந்துவிடும். கிடைத்தால் ஆறு மாதம் செல்லும், அதற்குள் எத்தனை முறையும் போகலாம், ஒவ்வொரு முறையும் 14 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. ஆனால் அந்தப் பதிவு ஒரு குறிப்பிட்ட பாஸ்போர்ட் எண்ணுக்குத்தான். பாஸ்போர்ட் மாறினால் பழைய பதிவு செத்தது.

பாய் அங்கேயே ஓரமாக நின்று போனில் மறுபடி பதிந்தார். முடிவும் வந்தது. அப்புறம்தான் அடுத்த சிக்கல். அந்தச் சீட்டை வெள்ளை ஏ4 தாளில் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்க வேண்டும், போனில் காட்டினால் போதாது. கவுண்டர் பெண் நல்லவர், உள்ளே போய் அவரே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

பாய் பட்ட பாட்டுக்கு அந்தப் பெண் காரணம் இல்லை. அனுமதி இல்லாத ஆளை ஏற்றிப் போனால் அதே விமான நிறுவனம்தான் திருப்பிக் கூட்டிவர வேண்டும். பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் அந்த ஊர் அதிகாரி நம் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, மீனம்பாக்கத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. "வீசா தேவையில்லை" என்று ஒருவர் சொன்னால் அடுத்த கேள்வியாக "படிவம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

காட்பாடி நெட் சென்டர்:

அண்ணே, நீங்கள் சொல்வது தொழில் நிமித்தம் போகிறவர்கள் கதை. நான் பார்ப்பது குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்களை. தாய்லாந்து, மலேசியா இரண்டுக்கும் எங்களிடம்தான் வருகிறார்கள்.

தாய்லாந்தில் 2025 மே 1 முதல் விமானத்தில் கொடுக்கும் காகித அட்டை போய், இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை வந்துவிட்டது. மலேசியாவில் 2024 ஜனவரி 1 முதலே அப்படித்தான். இரண்டும் இலவசம். இரண்டையும் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப வேண்டும்.

இந்த மூன்று நாள் கணக்கில்தான் எல்லாக் கூத்தும் நடக்கிறது. நம்ம ஊர் ஆட்கள் டிக்கெட் போட்ட அன்றே எல்லாவற்றையும் முடித்து ஃபைலில் வைத்தால்தான் தூங்குவார்கள். ஒரு மாதம் முன்பே வந்து உட்கார்ந்து, "இப்பவே போட்டுக் குடு தம்பி" என்பார்கள். "இப்ப போட முடியாது, கிளம்புற வாரம் வாங்க" என்றால் எனக்கு வேலை தெரியவில்லை என்று முகம் சுளிப்பார்கள். வீட்டுக்குப் போய்த் தேடினால் முதலில் வருவது விளம்பரம் கொடுத்து மேலே ஏறியிருக்கும் தனியார் தளம். அரசு முத்திரை மாதிரியே ஒரு முத்திரை, கொடி, எல்லாம் இருக்கும். "எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று இருக்கும். தலைக்கு இவ்வளவு டாலர் என்று கார்டில் எடுத்துக்கொள்வான். முன்கூட்டியே முடிக்கத் துடிப்பவர்கள்தான் சரியாக அவனிடம் போய் மாட்டுகிறார்கள்.

திருவலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அப்படித்தான் ஆறு பேருக்கும் கட்டிவிட்டு, மெயில் வரவில்லை என்று என்னிடம் வந்தது. தள முகவரியைக் காட்டச் சொன்னேன். தாய்லாந்து அரசின் முகவரி 'கோ டாட் டிஹெச்' என்று முடியும். இது 'டாட் காம்'. கிளம்புவதற்கு இரண்டு நாள் இருந்ததால் உண்மையான தளத்தில் ஆறு பேருக்கும் போட்டுக் கொடுத்தேன். கட்டிய பணம் வந்ததா என்று தெரியவில்லை, அந்த அக்கா அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை.

கைக்குழந்தைக்கும் தனியாகப் போட வேண்டும் என்பதையும் பலர் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இன்னொன்று, பெயர். நம் பக்கம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருப்பவர்கள் ஏராளம். இனிஷியலை விரித்து எழுதியதில் அப்பா பெயர் ஒருவருக்கு முன்னால் இருக்கும், தம்பிக்குப் பின்னால் இருக்கும். டிக்கெட்டில் அதே பெயரை இரண்டு முறை அடித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் படிவத்தை நிரப்பாதீர்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்புங்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் வீசா இல்லை என்று சொன்னபோது இங்கே பல வீடுகளில் கலவரம். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் பரவாயில்லை என்று கொஞ்ச நாளிலேயே தளர்த்தினார்கள். பிறந்த இடமும் அப்படித்தான். பெரியவர்கள் சிலர் இன்னும் வட ஆற்காடு என்கிறார்கள், மகன் வேலூர் என்கிறான், மாவட்டம் பிரிந்ததால் மருமகள் ராணிப்பேட்டை என்கிறாள். பாஸ்போர்ட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான், வீட்டுச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சத்துவாச்சாரி சிஸ்டர்:

லண்டன் பக்கம் நர்ஸாக இருக்கிறேன், இப்போது லீவில் ஊரில். இங்கே வாட்ஸ்அப்பில் "இங்கிலாந்துக்கு இனி வீசா வேண்டாம், பத்து பவுண்டு கட்டி இடிஏ எடுத்தால் போதும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. என் சித்தியே கேட்டார். தயவுசெய்து நம்பாதீர்கள். இடிஏ என்பது இணையத்தில் எடுக்கும் பயண முன் அனுமதி, அது வீசா இல்லாமல் வர அனுமதி உள்ள நாட்டுக்காரர்களுக்கு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்டுகளுக்கு 2025 ஜனவரி 8 முதல், ஐரோப்பியர்களுக்கு ஏப்ரல் 2 முதல். இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பழையபடி வீசாதான். பத்து பவுண்டு என்பதும் பழைய கதை, 2025 ஏப்ரலிலேயே 16 ஆகிவிட்டது.

ஆனால் நம் வீட்டு ஆட்களுக்கு இது சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. என் அத்தை மகன் அமெரிக்கக் குடிமகன். வேலூருக்கு வரும் வழியில் லண்டனில் இரண்டு நாள் என்னோடு தங்கிவிட்டு வருவதாகத் திட்டம். வெளியே வருவதால் அவனுக்கு இடிஏ வேண்டும். ஹீத்ரோவில் இறங்கி, இமிக்ரேஷன் தாண்டாமல் அடுத்த விமானம் ஏறினால் வேண்டாம். போனில் ஆப் மூலம் போட்டான், சீக்கிரமே வந்துவிட்டது. இரண்டு வருடம் செல்லும், அதற்குள் பாஸ்போர்ட் முடிந்தால் அதுவும் முடிந்தது.

எங்களுக்கு வந்த தொல்லை வேறு. அங்கே தங்க அனுமதி உண்டு என்று காட்டும் பிஆர்பி அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31 தேதியோடு முடிந்துவிட்டன. இப்போது எல்லாம் இ-வீசா, அதாவது கையில் எதுவும் இல்லை. ஊருக்கு வந்த இடத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால், புது எண்ணை யுகேவிஐ, அதாவது பிரிட்டன் வீசா துறையின் இணையக் கணக்கில் போய் நாமே மாற்ற வேண்டும். என்னோடு வேலை செய்யும் பெண் குடியாத்தத்தில் இருந்தபடி ராத்திரி உட்கார்ந்து மாற்றிவிட்டுத்தான் கிளம்பினாள். அப்படியும் கவுண்டரில் "அட்டை எங்கே?" என்று கேட்டார்கள். இ-வீசாவை மற்றவர்கள் சரிபார்க்க அந்தக் கணக்கில் கிடைக்கும் ஷேர் கோட் எண்ணை எடுத்துக் கையில் வைத்திருந்ததால் காட்டினாள், ஏற்றினார்கள். கவுண்டரில் இருக்கும் எல்லாருக்கும் எல்லா நாட்டு விதியும் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

லாட்ஜ் மேனேஜர், வேலூர்:

எல்லாரும் போகிற கதை சொல்கிறீர்கள். நான் வருகிறவர்களைப் பார்க்கிறேன். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் எங்கள் பிழைப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஐயா இதய சிகிச்சைக்கு வருவதாக அறை பதிந்திருந்தார். கிளம்புவதற்கு முதல் நாள் அவர் மகள் போன் செய்து, வீசா மெயில் வந்துவிட்டது என்று அனுப்பினார். பார்த்தால் அது விண்ணப்பம் கிடைத்தது என்ற மெயில். இந்திய இ-வீசாவில் நிலை 'கிராண்டட்' என்று இருக்க வேண்டும், அப்படி வந்த தாளைத்தான் அச்செடுத்து வர வேண்டும். "அம்மா, இது ரசீது மாதிரி, இன்னும் அனுமதி வரலை" என்றதும் அந்தப் பெண் அழுதேவிட்டார். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டு, அனுமதி வந்த பிறகு வந்தார்கள். அதிலும் துணைக்கு வருகிறவர்களுக்கான மெடிக்கல் அட்டெண்டண்ட் இ-வீசா ஒரு நோயாளிக்கு இரண்டு பேருக்குத்தான். ஐயாவுக்குத் துணையாக மூன்று பேர் வருவதாக இருந்தார்கள். கடைசி மகன் நின்றுகொண்டார்.

2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவர் இந்தியாவுக்குள் வர இ-வருகை அட்டை வேறு. வருவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இதுவும் இலவசம். அதில் இந்தியாவில் தங்கும் முகவரி கேட்கிறது. பல பேர் ஆஸ்பத்திரி பெயரைப் போட்டுவிட்டு இங்கே வந்து தங்குகிறார்கள். நாங்களோ வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் இங்கே தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் 'ஃபார்ம் சி' படிவத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். முகவரி இரண்டும் ஒத்துப்போனால் யாருக்கும் தலைவலி இல்லை. அதனால் இப்போது அறை உறுதியானதுமே முழு முகவரியையும் பின்கோடோடு ஆங்கிலத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதைச் செய்யலாம், காசு செலவில்லை.

ஆற்காடு ராமு தம்பி:

ஒரு சந்தேகம். எங்கள் கம்பெனியில் என்னை இத்தாலிக்குத் தோல் கண்காட்சிக்கு அனுப்புகிறார்கள். ஐரோப்பாவுக்கும் இந்த மாதிரி ஏதோ வருகிறதாமே? ஷெங்கன் வீசா இருந்தால் போதுமா?

ஆம்பூர் ஷூ லைன்:

தம்பி, நீங்கள் கேள்விப்பட்டது இரண்டு விஷயம், இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறார்கள். ஒன்று எட்டியாஸ், சிஸ்டர் சொன்ன இடிஏ மாதிரி முன் அனுமதி. வீசா இல்லாமல் போகக்கூடியவர்களுக்கு, 20 யூரோ கட்டணம், 2026 கடைசிக் காலாண்டில் தொடங்குவதாக அறிவிப்பு. நமக்கு அது இல்லை, ஷெங்கன் வீசாதான். இன்னொன்று இஇஎஸ், எல்லையில் வருகிற போகிறவர்களைக் கம்ப்யூட்டரில் பதியும் முறை. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கொண்டுவந்தது. அது நமக்கும் உண்டு. முன்கூட்டி எதுவும் நிரப்ப வேண்டாம், பணமும் இல்லை. எல்லையில் முகத்தைப் படம் எடுத்துப் பதிவு செய்கிறார்கள், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில்.

மிலானில் இறங்கிய எங்கள் ஆட்கள் வரிசை நீளம் என்று புலம்பினார்கள். அடுத்த ரயிலையோ விமானத்தையோ நெருக்கிப் போடாதீர்கள். 180 நாளில் 90 நாளுக்கு மேல் அங்கே தங்கக்கூடாது என்பதை முன்பு முத்திரையை எண்ணிப் பார்த்துக் கணக்குப் போட்டோம், மங்கலான முத்திரையால் தப்பித்தவர்களும் உண்டு. இனி கம்ப்யூட்டர் கணக்குப் போடும். கண்காட்சி முடிந்து நாலு நாள் கூடத் தங்கலாம் என்று முதலாளி சொன்னால், வீசா தாளில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

சத்துவாச்சாரி சிஸ்டர்:

நெட் சென்டர் தம்பி, அப்பா அம்மா சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். வீசா கையில் வந்துவிட்டது. அவர்களும் ஏதாவது நிரப்பணுமா?

காட்பாடி நெட் சென்டர்:

ஆமாம் சிஸ்டர். வீசா வேறு, எஸ்ஜி வருகை அட்டை வேறு. வீசா இருந்தாலும் அது வேண்டும். அதற்கும் மூன்று நாள் கணக்குத்தான், இலவசம்தான். அக்கா அங்கிருந்தே அவர்கள் இரண்டு பேருக்கும் போட்டுவிடலாம். பாஸ்போர்ட் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், வெயிலில் அப்பாவைக் காட்பாடி வரை அலைய விடாதீர்கள்.