மாநாட்டு ஆய்வுகள் பிறகு இதழில் வந்தனவா? தேடும் முறையில் உதவி தேவை

வணக்கம். மருத்துவ மாநாடுகளில் வாசிக்கப்பட்ட ஆய்வுச் சுருக்கங்களில் எத்தனை பிறகு முழுக் கட்டுரையாக வெளியாகின்றன என்று கணக்கெடுத்து வருகிறோம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 மதிப்பாய்வில், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சுருக்கங்களில் சுமார் 37 சதவீதமே வெளியாகியிருந்தன. சாதகமான முடிவு வந்த ஆய்வுகளுக்கே அச்சேறும் வாய்ப்பு கூடுதல்.

மாநாடு முடிந்து 5 ஆண்டு கடந்தவற்றை மட்டும் எடுக்கிறோம். 2 ஆண்டில் எண்ணினால் வெளியான விகிதம் குறைவாகத் தெரியும். முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர், முக்கியச் சொற்கள் என்று மாற்றி மாற்றி பப்மெட் (மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளம்), கூகுள் ஸ்காலர் இரண்டிலும் இருவர் தனித்தனியாகத் தேடுகிறோம்.

பெரிய தலைவலி நம் ஊர்ப் பெயர்கள்தான். இன்ஷியலைச் சிலர் முன்னால் போடுகிறார்கள், சிலர் விரித்து எழுதுகிறார்கள். அப்பா பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகிவிடுகிறது. ஆசிரியர் பெயரை மட்டும் நம்பினால் வெளியான கட்டுரையும் "வெளியாகவில்லை" பட்டியலில் விழும். இதற்கு உங்கள் வழி என்ன?

இன்னொன்று: சுருக்கத்தில் 80 நோயாளிகள், கட்டுரையில் 112. சிகிச்சையும் முதன்மை விளைவும் (ஆய்வு முக்கியமாக அளந்த பலன்) ஒன்றே. அதே ஆய்வு என்று கொள்ளலாமா? எங்களுக்குக் கொள்ளலாம் என்றே படுகிறது, ஆனால் எண்ணிக்கை மாற்றத்தைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

மாநாட்டுக்கு முன்பே அச்சானவற்றை நீக்குவீர்களா, வெளியாக ஆன காலம் 0 மாதம் என்று சேர்ப்பீர்களா? பப்மெட்டில் இல்லாத இந்திய இதழ்களை எங்கே தேடுவது? தரவு சேகரிப்புப் படிவம் வைத்திருப்பவர்கள் பகிர்ந்தால் நன்றி.