க்ரிம்சன் எக்கோஸ்: நிறுத்தப்பட்ட ரசிகர் தொடர்ச்சி, பார்க்கத் தகுந்ததா?

மணல்_கடிகாரம்:

க்ரோனோ ட்ரிகரை இப்போதுதான் முதல்முறையாக முடித்தேன், அதுவும் போனில். 1995-ல் வந்த காலப்பயணக் கேமுக்கு இவ்வளவு தாமதமாக வந்து பரவசப்படுகிறேனே என்று சிரிக்காதீர்கள். நம் கூட்டாளி ரோபோவைக் காடு வளர்க்க விட்டுவிட்டு, நானூறு வருடம் தாண்டிப் போய் அவனைத் திரும்பக் கூட்டிவருகிறோமே, அந்த இடமும் அன்றிரவு நெருப்பைச் சுற்றி எல்லோரும் பேசுவதும் இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்தச் சூட்டோடு அதன் அடுத்த கேமான க்ரோனோ க்ராஸின், 2022-ல் வந்த ரீமாஸ்டரையும் வாங்கிவிட்டேன். இசை அபாரம். ஆனால் ட்ரிகரில் நம்மோடு வந்த லூக்காவுக்கும் ரோபோவுக்கும் நேர்வதைப் பார்த்து மனசு கசந்துபோனது. நாயகன் க்ரோனோவும் தோழி மார்லும் ஆவிகளைப் போலக் குழந்தை உருவில் வந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மறைகிறார்கள். உலகத்தைக் காப்பாற்றியவர்கள் அப்புறம் எப்படி வாழ்ந்தார்கள் என்று யாரும் நேராகச் சொல்வதாகத் தெரியவில்லை.

தேடியபோது 'க்ரிம்சன் எக்கோஸ்' கிடைத்தது. ரசிகர்கள் செய்த தொடர்ச்சி, இரண்டு கேம்களுக்கும் நடுவில் நடக்கும் கதை, 2009-ல் உரிமை வைத்திருக்கும் ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனி சட்ட நோட்டீஸ் அனுப்பி நிறுத்திவிட்டது என்கிறார்கள். இரண்டு சந்தேகம். நிஜமாகவே நன்றாக இருக்குமா, இல்லை தடுக்கப்பட்டதாலேயே பெயர் பெற்றதா? அடுத்து, உரிமை உள்ளவர்கள் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை ரசிப்பது சரிதானா?


கோடரி_வீரன்:

தடுத்த எதுவும் இணையத்தில் காவியமாகிவிடும் ப்ரோ. ஒழுங்காக வெளியாகியிருந்தால் ஒரு வாரம் பேசிவிட்டு மறந்திருப்பார்கள். ரசிகர் கதை என்றாலே தெரியாதா? எல்லாருக்கும் கல்யாணம், எல்லாருக்கும் ரகசிய அப்பா. கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, மிச்ச நேரத்தில் ட்ரிகரையே நியூ கேம் பிளஸ்ஸில், அதாவது முடித்தபோது இருந்த பலத்தோடு, இன்னொரு தடவை ஆடுங்கள்.


பழைய_கார்ட்ரிட்ஜ்:

கோடரி சொல்வதில் பாதி உண்மை. 2004-ல் ஆரம்பித்து ஐந்து வருடம் உழைத்தார்கள். வெளியீட்டுக்குக் குறித்த நாள் 2009 மே 31. நோட்டீஸ் வந்தது மே 8. 98 சதவீதம் முடிந்திருந்தது, 35 மணி நேர ஆட்டம், 10 முடிவுகள் என்று அறிவித்திருந்தார்கள். இப்படி ஒரு கதை பின்னால் இருந்தால் எந்தக் கேமும் கொஞ்சம் உயரமாகத்தான் தெரியும். அந்த அனுதாபத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் போரே என்கிற ஊர்.

ட்ரிகரில் போரே என்ன ஊர் என்று நினைவிருக்கிறதா? தெற்கே கிடக்கும் சின்ன ஊர். கி.பி. 1000-ல் அதன் மேயர் பெரிய கஞ்சன். நமக்குத் தேவையான மூன் ஸ்டோன் என்ற கல் அவன் வீட்டில் போய்ச் சிக்கிக்கொள்ளும், கேட்டால் தரமாட்டான். நாம் என்ன செய்கிறோம்? ஸ்னெயில் ஸ்டாப் கடையில் 9,900 ஜி (கேமின் காசு) கொடுத்து உப்புக்கண்டம் வாங்கி, கி.பி. 600-க்குப் போய் அவனுடைய மூதாதை வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். அந்தப் பெண்மணி 10,000 தருகிறேன் என்பாள். வாங்காமல் சும்மா கொடுக்க வேண்டும். இப்படியும் மனிதர்கள் உண்டா என்று நெகிழ்ந்து, பிள்ளைகளையும் கொடுக்கும் மனசோடு வளர்ப்பேன் என்பாள். நானூறு வருடம் கழித்து மேயர் வள்ளலாகிவிடுவான், கல்லும் கைக்கு வந்துவிடும். போர் இல்லை, பாஸ் இல்லை. ஒரு பொட்டலம் இறைச்சியால் ஒரு வம்சத்தின் குணம் மாறுகிறது. மொத்த கேமையும் எனக்குப் பிடிக்க வைத்த இடம் அதுதான். கடைசி எதிரி லாவோஸ் எல்லாம் அப்புறம்.

இப்போது க்ராஸுக்கு வாருங்கள். 1005-ல் கார்டியா அரசு வீழ்ந்துவிட்டது. போரே ராணுவ வல்லரசாகி எல் நிடோ தீவுகள் வரை படையோடு வந்து நிற்கிறது. எந்தப் போரே? நாம் உப்புக்கண்டம் கொடுத்துத் திருத்திய அதே போரே! ஐந்தே வருடத்தில் எப்படி இப்படி ஆனது என்று க்ராஸ் விளக்குவதே இல்லை. அதன் கவனம் முழுக்க அதன் நாயகர்கள் செர்ஜ், கிட், இணை உலகங்கள் மேல். கதையை எழுதி இயக்கிய மசாட்டோ காட்டோ வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். க்ராஸை நான் குறைத்துப் பேச மாட்டேன், அது வேறு மாதிரியான கேம். ஆனால் ட்ரிகரை நேசித்தவனுக்கு அந்த ஐந்து வருடம் ஒரு முள்.

அதிகாரபூர்வமாக அந்த முள்ளை எடுக்கப் பார்த்தது 2008 நவம்பரில் வந்த ட்ரிகரின் நின்டெண்டோ டி.எஸ். பதிப்பு. ட்ரிகரின் வில்லன்களில் ஒருவனான டால்டன் வந்து, போரேயில் படை திரட்டி கார்டியாவை அழிப்பேன் என்று சபதம் போட்டுவிட்டுப் போகிறான். அவ்வளவுதான். விளக்கம் கொடுத்தாகிவிட்டது, கையைத் தட்டிக்கொள்ளலாம். அங்கியை மிதித்துத் தடுமாறும் கோமாளி வில்லன் ஒருவன் ஒரு நாட்டையே மாற்றினான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

க்ரிம்சன் எக்கோஸ் அந்த ஐந்து வருடத்தை எடுத்துக்கொண்டது. கதை 1005-ல் தொடங்குகிறது. கார்டியாவுக்கும் போரேவுக்கும் நடுவில் பகை வளர்கிறது. பின்னால் இருந்து ஆட்டுவிப்பவர் ட்ரிகரில் வரும் பழங்கால மந்திர நாடான ஜீலின் அரசர். ட்ரிகரை முடித்தவர்களுக்கு இங்கே ஒரு பொறி தட்டும். மூலத்தில் ஜீலின் அரசி உண்டு, இளவரசி ஷாலா உண்டு, குட்டி ஜேனஸ் உண்டு. அரசர் மட்டும் இல்லை, இறந்துவிட்டார். நாம் எல்லோரும் அந்தக் காலி நாற்காலியைத் தாண்டித்தான் போனோம். இவர்கள் நின்று பார்த்தார்கள். கோடரி கிண்டல் செய்த 'ரகசிய அப்பா' இவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. மூலக்கதை திறந்து வைத்த கதவு வழியாகத்தான் வருகிறார்.

குழுவின் பெயரே கஜார் லேபரட்டரீஸ். கஜார் என்பது ஜீலில் நாம் அரை மணி நேரம் சுற்றும் ஓர் ஊர். இந்தப் பெயரை வைக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று புரிகிறது அல்லவா?

இன்னொன்று, அது எந்த இடத்துக்குள் கட்டப்பட்டது என்பது. புதிய எஞ்சினில் முதலிலிருந்து செய்த கேம் இல்லை இது. பழைய சூப்பர் நின்டெண்டோ ரோமையே, அதாவது கேம் கார்ட்ரிட்ஜின் கோப்பையே, பிரித்துத் திரும்பக் கோர்த்தது. மூலம் 32 மெகாபிட், அதாவது 4 மெகாபைட். இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவு. ரசிகர்களே உருவாக்கிய டெம்போரல் ஃப்ளக்ஸ் என்ற எடிட்டரில்தான் வரைபடம், நிகழ்ச்சிகள், வசனம் எல்லாவற்றையும் மாற்றினார்கள். அதை நானும் திறந்து பார்த்திருக்கிறேன். தொழில்முறையில் மைக்ரோகன்ட்ரோலரோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் பயமில்லாமல்தான் திறந்தேன். ஆயிரமாவது ஆண்டு விழா மைதானத்தில் ஒருவனை இரண்டடி தள்ளி நிறுத்தி, புதிதாக ஒரு வசனம் பேச வைப்பதற்குள் ஒரு சாயங்காலம் போய்விட்டது. ஒரு மரத்தைப் பட்டுப்போன மாதிரி காட்டலாம் என்று நிறத்தை மாற்றினால், அதே பேலட்டை (நிறத் தொகுப்பை) வைத்திருக்கும் கூடாரமும் சேர்ந்து சாம்பல் நிறமாகிறது. ஒரு பேலட்டுக்கு 16 நிறம்தான், அதிலும் ஒன்று ஒளிபுகும் நிறத்துக்குப் போய்விடும். இந்த இடுக்குக்குள் நின்று 35 மணி நேரக் கதையை நடத்தியிருக்கிறார்கள். பழகிய தெருவில் புதிய சண்டை நடக்கும்போது வருகிற கலக்கத்தைப் புதிய எஞ்சின் தந்திருக்காது. அதே வீடு, அதே படிக்கட்டு, ஆனால் வாசலில் சிப்பாய்.

குறைகளும் உண்டு, மறைக்கவில்லை. வசனம் அதிகம். ட்ரிகரில் தவளை வீரன் ஃபிராக் ஒரு வாக்கியத்தில் முடிக்கிற துக்கத்தை இங்கே ஐந்து பெட்டி நிறையப் பேசுகிறார்கள். மூலத்தின் சிரிப்பு குறைந்துவிட்டது. நீதிமன்றத்தில் 'அந்தப் பெரியவரின் சாப்பாட்டை எடுத்துத் தின்றாயா இல்லையா' என்று நம்மையே மாட்டிவிடுகிற அந்தக் குறும்பை இங்கே தேடினேன், அகப்படவில்லை. சண்டைகளும் கடினம். கேமை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் செய்தால் எதிரிகள் இப்படித்தான் கனத்துவிடுவார்கள். முதல்முறை ஆடுகிறவனை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

அதனால் என் பதில்: நன்றாக இருக்கிறது, க்ரோனோ ட்ரிகர் அளவுக்கு இல்லை. அதை உருவாக்கிய சகாகுச்சி, யூஜி ஹோரி, டோரியாமா என்ற ஜாம்பவான்கள் ஒன்றாக உட்கார்ந்த மேஜை அது. அதோடு ஒப்பிடுவது யாருக்கும் நியாயமில்லை.


இரவு_ஷிஃப்ட்:

இரண்டாவது சந்தேகத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் கம்பெனி பக்கம்தான். அவர்களுடைய நிரல், படம், இசை எல்லாவற்றையும் எடுத்து அதன் மேல் கட்டியது இது. காசு வாங்காவிட்டாலும் மீறல் மீறல்தான். அமெரிக்கச் சட்டத்தில் தெரிந்தே செய்தால் ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை போகும். அது மட்டுமில்லாமல் 2004-லேயே 'க்ரோனோ ரிசரக்ஷன்' என்ற முப்பரிமாண ரீமேக் முயற்சியை இதே கம்பெனி நோட்டீஸ் கொடுத்து நிறுத்தியது. அதைப் பார்த்த பிறகும் ஐந்து வருடம் உழைத்தார்கள் என்றால் பாராட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா தெரியவில்லை.


பழைய_கார்ட்ரிட்ஜ்:

@இரவு_ஷிஃப்ட், சட்டத்தில் உங்கள் பக்கம் ஒரு ஓட்டையும் இல்லை. குழுவும் அதை எதிர்த்து நிற்கவில்லை, வேலையை நிறுத்திவிட்டார்கள். என் வருத்தம் சட்டத்தைப் பற்றியது அல்ல. உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான். 'க்ரோனோ பிரேக்' என்ற பெயருக்கு ஸ்கொயர் 2001-ல் வணிகக்குறி கேட்டது, 2003-ல் கைவிட்டது. க்ராஸுக்குப் பிறகு இந்த வரிசையில் புதிய கேம் எதுவும் வரவில்லை. வேறு வழிகளும் இருக்கின்றன. சேகா, ரசிகராக இருந்தவர்களைக் கூப்பிட்டு 2017-ல் சோனிக் மேனியாவைச் செய்ய வைத்தது. 2024-ல் வந்த ரசிகர் படைப்பான ஃபால்அவுட் லண்டன் இலவசம், ஆனால் மூல கேமான ஃபால்அவுட் 4-ஐக் காசு கொடுத்து வாங்கினால்தான் ஓடும். அங்கே யாருக்கும் நஷ்டமில்லை. நியாயமாகப் பார்த்தால் ஃபால்அவுட்டின் பெதஸ்டா தானே எடிட்டரைக் கொடுத்து மாட் (ரசிகர் மாற்றங்கள்) செய்யச் சொல்கிற கம்பெனி, ஸ்கொயர் அப்படி எதையும் கொடுக்கவில்லை. அந்த வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும்.


கோடரி_வீரன்:

உப்புக்கண்டம் விஷயத்தில் மடக்கிவிட்டீர்கள். போரே இரண்டு கேமிலும் ஒரே ஊர் என்று இத்தனை நாள் எனக்கு உறைக்கவே இல்லை. ஆனாலும் வில்லன் ஜீல் ராஜா என்பது எனக்கு ஒப்பவில்லை. ஊர் கெட்டுப்போக வெளியிலிருந்து ஒரு மந்திரவாதி வேண்டுமா? மேயருடைய பேரன் பேராசைக்காரனாக இருந்தால் போதாதா?


பழைய_கார்ட்ரிட்ஜ்:

அந்தக் கேமை நீங்கள் செய்தால் முதல் ஆளாக நான் ஆடுவேன். உண்மையில் எனக்கும் அதே குறை உண்டு. டால்டனுக்குச் சொன்னது அரசருக்கும் கொஞ்சம் பொருந்தும். ஆனால் டால்டன் ஒரு காட்சியில் சபதம் போட்டுவிட்டுப் போகிறான், இங்கே போரேயின் பகையை நாம் உடன் நடந்து பார்க்கிறோம்.


மணல்_கடிகாரம்:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி அண்ணா. போனில் முடித்த பதிப்பில் டால்டன் சபதம் எதுவும் எனக்கு வரவில்லையே? அப்புறம், ரோமைத் தேடி அலைய எனக்கு விருப்பமில்லை. ஆடாமல் பார்க்க வழி இருக்கிறதா?


பழைய_கார்ட்ரிட்ஜ்:

போன் பதிப்பிலும் இருக்கிறது தம்பி. ஒருமுறை முடித்த பிறகுதான் டைமென்ஷனல் வோர்டெக்ஸ் என்ற கூடுதல் பகுதி திறக்கும், அதற்குள் போக வேண்டும். முதலில் அதை முடித்துவிடுங்கள். கம்பெனி தந்த விடையைப் பார்த்தபின் ரசிகர்கள் தந்த விடைக்குப் போவதுதான் சுவாரசியம்.

பார்க்க வழி இருக்கிறது. நோட்டீஸுக்குப் பிறகு, கதையாவது போய்ச் சேரட்டும் என்று குழுவினரே முழு ஆட்டத்தையும் யூடியூபில் வீடியோவாக ஏற்றினார்கள். போனில் பார்க்காதீர்கள், எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், கணினியில் பாருங்கள். சண்டைகளை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் ஒன்றும் குறையாது. கார்டியா கோட்டைக்குள் நடக்கும் பேச்சுகளை மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.


இரவு_ஷிஃப்ட்:

வோர்டெக்ஸுக்குள் போகும் முன் லெவலை ஏற்றிக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் எதிரி ட்ரீம் டிவவரர் லாவோஸைவிட மோசம்.