அப்பாவை இதே கிளினிக்ல தொடர்ந்து காட்டலாமா? எதை வச்சு முடிவு பண்றது?

நீலமலர்:
அப்பாவுக்கு 67 வயசு. 12 வருஷமா சர்க்கரை, கூடவே பிரஷர். நாலு வருஷமா பக்கத்துல இருக்கிற கிளினிக்லதான் காட்டுறோம். டாக்டர் சிரிச்ச முகம், கைராசிக்காரர்னு பேர், எப்பவும் கூட்டம். அப்பாவுக்கு அவர்னா உயிர்.

போன வாரம் நானும் கூடப் போனேன். "கால் மரத்துப்போன மாதிரி இருக்கு டாக்டர், ராத்திரியில..."ன்னு அப்பா ஆரம்பிச்சார். முடிக்கிறதுக்குள்ள, "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்"னு சீட்டு எழுதிட்டார். சாக்ஸைக் கழட்டக் குனிஞ்ச அப்பா, பாதியிலேயே நிமிர்ந்துட்டார். அது என் கண்ணை விட்டுப் போகல.

படிச்ச டாக்டரை நாம எடை போடலாமா? போடலாம்னா, எதைப் பார்க்கணும்?

வெள்ளைத்தொப்பி:
தாராளமா போடலாம்மா. 30 வருஷம் நர்ஸா இருந்தவ சொல்றேன், முதல்ல பிரஷர் எப்படிப் பார்க்கிறாங்கன்னு கவனிங்க. அஞ்சு நிமிஷம் அமைதியா உட்கார வைக்கணும். முதுகு சாய்ஞ்சிருக்கணும், கால் ரெண்டும் தரையில இருக்கணும், கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும். பட்டையைச் சட்டைத்துணி மேல இல்லாம வெறும் கையில சுத்தணும். கைக்குச் சின்னப் பட்டையைப் போட்டா அளவு கூடுதலா காட்டும், நடுவுல பேசினாலும் ஏறும். அந்தத் தப்பான நம்பரை நம்பித்தான் மாத்திரையைக் கூட்டுவாங்க. சின்ன விஷயத்துல இருக்கிற ஒழுங்கு பெரிய விஷயத்துலயும் இருக்கும்கிறது நான் பார்த்த வரைக்கும் நிஜம்.

அடுத்தது அப்பாவோட ஃபைல். ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டுற ரத்த டெஸ்ட், வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பார்த்திருக்கணும், சர்க்கரை கட்டுப்படலன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை. விழித்திரை, யூரின் மைக்ரோ அல்புமின் (சிறுநீர்ல புரதம் கசியுதான்னு பார்க்கிற கிட்னி டெஸ்ட்), பாதம் மூணும் வருஷத்துக்கு ஒரு தடவை. பாதத்துக்குன்னு ஒரு நைலான் இழை உண்டு, 10 கிராம் அழுத்தத்துல வளையும். கண்ணை மூடச் சொல்லிட்டு அதால தொடுவாங்க. தொட்டது தெரியலன்னா, நாளைக்கு முள் குத்தினாலும் தெரியாது. மெட்ஃபார்மின்ங்கிற சர்க்கரை மாத்திரையைப் பல வருஷமா சாப்பிட்டா சிலருக்கு வைட்டமின் பி12 குறையும், அதனாலயும் மரத்துப்போகும். வயசு மேல பழி போடுறதுக்கு முன்னாடி இத்தனையும் பார்க்கணும்.

கரையோரம்:
அக்கா சொன்னது சரி. ஆனா அவசரப்பட்டு மாத்திடாதீங்க சகோதரி. நோயாளி பேச ஆரம்பிச்சு சராசரியா 18 விநாடியிலேயே டாக்டர் குறுக்கிட்டதா 1984லயே ஒரு ஆய்வு வந்துச்சு. உங்க டாக்டர்கிட்ட மட்டும் இருக்கிற குறை இல்ல அது. ஒரே டாக்டர்கிட்ட வருஷக்கணக்கா காட்டுறதுக்கும் மதிப்பு உண்டு. 2018ல 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க, 18ல அப்படிக் காட்டினவங்க மத்தியில இறப்பு குறைவா இருந்துச்சு.

எங்கம்மாவுக்கு பிரஷர் இறங்கவே இல்ல. ரெண்டு டாக்டர் மாத்திரையைக் கூட்டினாங்க. மூணாமவர்தான், "வேற என்னெல்லாம் சாப்பிடுறீங்க, பையோட கொண்டு வாங்க"ன்னார். மூட்டுவலிக்கு அம்மா தினமும் தானா வாங்கிப் போட்ட வலி மாத்திரை அதுல இருந்துச்சு. அதை நிறுத்தினதும் பிரஷர் இறங்குச்சு. அப்படிக் கேட்கிறாரான்னு பாருங்க.

நீலமலர்:
அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. ஃபைலைப் புரட்டினேன். கடைசி ஹெச்பிஏ1சி எடுத்து 14 மாசம் ஆச்சு. மைக்ரோ அல்புமின் ஒரு தடவைகூட இல்ல. வயிறு கலங்கிடுச்சு.

இன்னைக்கு வெளியிலேயே அப்பாவோட சாக்ஸைக் கழட்டிட்டுத்தான் உள்ள போனோம். "காலைப் பார்த்துடுங்க டாக்டர்"னு நேராவே கேட்டேன். அவர்கிட்ட அந்த இழை இல்ல, பஞ்சால தொட்டார். இடது கட்டைவிரல்ல மூணு தடவை தொட்டும் அப்பா, "இன்னும் தொடலையே"ன்னார். டாக்டர் முகம் மாறிடுச்சு. பி12, ஹெச்பிஏ1சி, மைக்ரோ அல்புமின் எழுதினார், கண் டாக்டருக்கும் சீட்டு கொடுத்தார். பிரஷரை மட்டும் சட்டைக் கைக்கு மேலதான் பார்த்தாங்க.

ரிசல்ட் வியாழக்கிழமை வரும். அதை அவர் எப்படிப் படிச்சுச் சொல்றார்னு பார்த்துட்டு முடிவு பண்றேன். அதுவரைக்கும் ராத்திரி அப்பா பாதத்தை நானே டார்ச் அடிச்சுப் பார்க்கிறேன்.